க்ரைடர் தையல்

ஸ்டைன்டேல் சந்தையில் குதிரை விற்கிறவன், குதிரையின் பல்லைக் காட்டுவதற்கு முன்னால் அதன் முதுகில் கிடக்கும் வாரைத் தூக்கிக் காட்டுவான். "பாத்துக்க, க்ரைடர் தையல்" என்பான். அப்புறம் வாங்குகிறவன் அதிகம் பேசமாட்டான். பீட்டர் க்ரைடர் செத்து ஆறு வருஷமாகியும் அவருடைய சேணக்கடையின் பலகையில் அவர் பெயர்தான் இருந்தது. தைத்ததெல்லாம் அவர் மனைவி சலோமி. அவர் உயிரோடு இருந்தபோதும் பாதித் தையல் அவளுடையதுதான். ஊரில் பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ரொட்டிக்கடைக்கும் அவளுடைய சேணக்கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். என் பெயர் கேட்டி. எனக்கு அப்போது கல்யாணமாகி இரண்டாம் வருஷம். காலை அடுப்பு வேலை முடிந்ததும் ஒரு ரொட்டியை ஏப்ரனில் சுற்றிக்கொண்டு அங்கே போய்விடுவேன். சலோமி முழங்கால்களுக்கு நடுவே மரக்கவ்வியை இடுக்கி, அதில் தோலைக் கடிக்கவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஒரே நூல், அதன் இரண்டு முனையிலும் ஊசி. குத்தூசியால் ஒரு துளை போடுவாள். ஒரு ஊசி இந்தப் பக்கமிருந்தும் மற்றது அந்தப் பக்கமிருந்தும் ஒரே துளையில் புகுந்து வெளியே வரும். பிறகு இரண்டு கைகளையும் சிறகு மாதிரி விரித்து ஓர் இழுப்பு இழுப்பாள். ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கம் விடாது.

"குதிரை மிரண்டு ஓடறப்போ வண்டியில இருக்கிறவன் உசிரு இந்த நூல்லதான் தொங்குது, கேட்டி" என்பாள். "அப்ப என் கை தூங்கியிருந்துச்சுன்னு சொல்ல முடியுமா?"

அவளுக்கு ஒரே மகன், ஏனோஸ். குன்றின் மேல் இருந்த கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட வாத்தியாராக வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. நனைந்த கோட்டோடு நிறுத்தாலும் நூற்றிருபத்தைந்து பவுண்டு தேறமாட்டான். அந்த எடைதான் அவனுக்கு வினையாக வந்தது.

கல்லூரியில் அப்போது கால்பந்துக் குழு வந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. ஏனோஸும் அதில் ஆடினான். பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்; ஆனால் இப்போது மாதிரி முன்னால் எறிந்து ஆடுகிற ஆட்டமில்லை அது. எறிந்தால் தப்பாட்டம். ஒருவன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொள்வான். மற்ற பத்துப் பேரும் அவனைத் தள்ளியும் இழுத்தும் எதிராளிக் கூட்டத்துக்குள் நுழைப்பார்கள். மூன்று தடவைக்குள் ஐந்து கஜம் நகர வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. தலைக்கு எதுவும் போடமாட்டார்கள். மண்டை உடையாமலிருக்க ஜூன் மாதத்திலிருந்தே முடி வளர்ப்பார்கள். செப்டம்பரில் அந்தப் பையன்கள் தெருவில் வந்தால் பரட்டைச் செடிகள் நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

குழுத்தலைவன் ரஸ்ஸல் வெதரில், நீதிபதியின் மகன். செப்டம்பரில் ஒருநாள் ஏனோஸின் கித்தான் கால்சட்டையையும் இரண்டு பயணப்பெட்டிக் கைப்பிடிகளையும் தூக்கிக்கொண்டு அவனோடு கடைக்கு வந்தான்.

"க்ரைடரம்மா, இடுப்புக்கு ரெண்டு பக்கமும் இதைத் தைச்சுக் குடுங்க."

"எதுக்குடா?"

"ஏனோஸ் லேசா இருக்கானில்ல. ரெண்டு பேர் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடிச்சு அவனைக் கூட்டத்துக்கு மேலயே தூக்கி அந்தப் பக்கம் போட்டுருவோம். அஞ்சு கஜம் சும்மா கிடைக்கும்."

"என் மகன் என்ன பயணப்பெட்டியா?"

"பயணப்பெட்டியைவிட நல்லாப் பறப்பாம்மா" என்று சிரித்தான் வெதரில். ஏனோஸும் சிரித்தான். கூட நின்ற நானும் சிரித்தேன்.

துணியில் தைப்பதுதானே என்று சலோமி ஒரு வரிசை மட்டும் போட்டுக் கொடுத்தாள். முதல் ஆட்டத்தில் பாதி நேரத்துக்குள் ஒரு கைப்பிடி பிய்ந்து வந்துவிட்டது. பதினொன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள். பிய்ந்த கைப்பிடியை வெதரில் கொண்டுவந்து மேஜைமேல் போட்டான். கடையில் அப்போது மூன்று குடியானவர்கள் இருந்தார்கள்.

"க்ரைடர் தையலாம்! பீட்டர் ஐயாவோட போயிடுச்சு போல."

சலோமியின் கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் சிவந்தது. அன்றைக்கே கால்சட்டையைப் பிரித்து, உள்பக்கம் சேணத்தோல் பட்டையை இடுப்பைச் சுற்றிக் கொடுத்து, அதன்மேல் கைப்பிடியை வைத்து, மெழுகு நூலில் இரண்டு வரிசை தைத்தாள். இறக்கத்தில் வண்டியின் பாரத்தைக் குதிரையின் பின்தொடை தாங்குமே, அந்த வாருக்குப் போடுகிற தையல். ஒரு பக்கத்துக்கு அறுபத்து நாலு தையல்.

"இதை அறுத்துக் காட்டட்டும் அந்த நீதிபதி மகன்" என்றாள்.

அப்புறம் நாலு ஆட்டம் வரிசையாக ஜெயித்தார்கள். ஏனோஸ் நிஜமாகவே பறந்தான். ஊரே பைத்தியம் பிடித்துத் திரிந்தது. முட்டைக்கோஸைப் புளிக்கப் போடுகிற நாட்களில் பெண்கள் கத்தியும் கையுமாகத் திடலோரத்துக்கு ஓடினார்கள். ஜெயித்த சனிக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் எஃப்ராயீம் பதினொரு வெல்லப்பாகுப் பலகாரம் சுட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வரும்போது பெரிய மனிதர்கள் சலோமிக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை.

ஆறாவது ஆட்டம் நவம்பர் நடுவில், ஆஷ்பி கல்லூரியோடு. முந்தின நாள் மழை. திடல் முழுக்கக் களி. இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து புள்ளி என்று நின்றது. எதிராளியின் கடைசிக் கோட்டுக்கு நாலு கஜம் இருக்கும்போது ஏனோஸிடம் பந்து வந்தது. வெதரில் இடதுபக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினான். ஆஷ்பிக்காரர்கள் ஐந்து ஆட்டத்துச் செய்தியையும் கேட்டுத்தான் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு தடியன் வலதுபக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். ஏனோஸின் கால்கள் ஏழெட்டுப் பேருக்கு அடியில் மாட்டிக்கொண்டன. இந்தப் பக்கம் இரண்டு பேர் வெதரிலோடு சேர்ந்தார்கள், அந்தப் பக்கம் மூன்று பேர். நவம்பர் கடைசியில் வருகிற நன்றி நாள் விருந்தில் வான்கோழியின் நெஞ்செலும்பை இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு முனையாக இழுப்பார்களே, அந்த மாதிரி இழுத்தார்கள்.

சுற்றி நின்ற ஊர் முழுக்க "இழு! இழு!" என்று கத்தியது. தொண்டை கட்டும்வரை நானும் கத்தினேன். கண்ணுகளா, இதை மறைத்துவிட்டு மீதியைச் சொல்ல எனக்கு வாய் வராது.

வேறு எவர் தையலாக இருந்தாலும் பிய்ந்திருக்கும். பையன் தொப்பென்று களியில் விழுந்திருப்பான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பான். இது பிய்யவில்லை.

வைக்கோல் கொட்டகையின் கதவைக் கழற்றி, அதில் ஏனோஸைக் கிடத்தி வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். ஊர் வைத்தியர் ஹோக் கால்சட்டையை வெட்டப் பார்த்தார். கத்தரி தோல் பட்டைக்குள் இறங்கவில்லை.

"இதை யாரு தைச்சது?" என்றார் எரிச்சலாக.

சலோமி அவரை விலக்கிவிட்டுக் குத்தூசியை எடுத்து வந்தாள். ஒவ்வொரு தையலாகக் கெல்லி எடுத்தாள். இரண்டு வரிசைத் தையல், ஒன்று விட்டாலும் அடுத்தது பிடித்துக்கொண்டது. ஊசி ஓரிரு தடவை நழுவி அவன் தொடையில் ஏறியது. ரத்தம் வந்தது. ஏனோஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதாடா?"

"எது வலிக்குதா? ஆரம்பிச்சிட்டியாம்மா?" என்று கேட்டான்.

வைத்தியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதுகெலும்பு முறிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சியோ அசைவோ வராது என்று அடுக்களையில் வைத்துச் சொன்னார்.

கல்லூரித் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. கூடவே ஒரு கூடைத் திராட்சை. 'கல்லூரிக்காகத் தாங்கள் தந்த மகன்' என்று எழுதியிருந்தார். சலோமி இரண்டு தடவை படித்தாள்.

"நான் எப்படி தந்தேன், கேட்டி? படிக்கத்தானே அனுப்பினேன்?"

திராட்சையைப் பின்கட்டில் பன்றித் தொட்டியில் கொட்டினாள். கூடையை மட்டும் திருப்பி அனுப்பினாள்.

பத்தாம் நாள் வெதரில் வந்தான். கையில் ஆஷ்பி ஆட்டத்துப் பந்து. அதில் வெள்ளைச் சாயத்தால் ஏனோஸின் பெயர். கடைக்குப் பின்னால் உள்ளறையில் கிடந்த ஏனோஸ் அதைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டான். அவன் முகத்தில் பத்து நாளில் முதல் வெளிச்சம் அன்றுதான். பிறகு வெதரில் கடைப்பக்கம் வந்தான்.

"க்ரைடரம்மா, ஏனோஸ் எழுந்திரிக்கிற வரைக்கும் குழுவில ஒருத்தனும் முடி வெட்டப் போறதில்ல."

"அது உங்க மண்டை உடையாம இருக்க வளர்த்ததுடா" என்றாள் சலோமி. "இதுல என் மகன் பேரை எதுக்கு இழுக்கற?"

வெதரில் கொஞ்சநேரம் தொப்பியைச் சுற்றிக்கொண்டு நின்றான். பிறகு வாசலில் வைத்துவிட்டு வந்த பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். புதுக் கித்தான் கால்சட்டை. இரண்டு கைப்பிடிகள்.

"வர்ற வியாழக்கிழமை நன்றி நாள் ஆட்டம். மெரியன் கல்லூரியோட. வில்லர்ட் லூக்கன்ஸ்னு முதல் வருஷப் பையன் ஒருத்தன். நூத்திப் பதினெட்டு பவுண்டுதாம்மா. ஏனோஸைவிட லேசு!"

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை என் கட்டை சாய்கிறவரை மறக்கமாட்டேன்.

சலோமி அசையவில்லை. தோல் வெட்டும் பிறைக்கத்தி அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் நகர்ந்துபோய் அதன்மேல் ரொட்டித் துணியைப் போட்டேன்.

"இவ்வளவு பேர் படிக்கிற இடத்துல ஒருத்தனுக்கும் வெக்கமில்லையா?" என்று நான்தான் கத்தினேன். "உள்ள கிடக்கிறவனைப் பாத்துட்டுதானே வர்றே?"

"அவனுக்காகத்தாங்க ஆடறோம்."

"அவனுக்காக ஒரு ஆட்டத்தை ஆடாம இருங்களேன்டா!"

உள்ளேயிருந்து ஏனோஸ் கூப்பிட்டான். "அம்மா! தைச்சுக் குடும்மா. தோத்தா நான் விழுந்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

சலோமி கால்சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தாள். அதன் இடுப்பு என் இரண்டு கைக்குள் அடங்கிவிடும்.

"புதன்கிழமை வந்து வாங்கிக்க" என்றாள்.

அவன் போனதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா, அக்கா? இன்னொருத்தி பெத்த பிள்ளையையும் இப்படிக் கிடத்தணுமா?"

"மெதுவாப் பேசு." உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நான் மாட்டேன்னு சொன்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் செருப்புக்காரன் இருக்கான். என் வார் ஒண்ணைப் பிரிச்சுப் பாத்துட்டு அதே மாதிரி தைப்பான். நல்லாவே தைப்பான். அதான் என் பயம்."

"அப்ப?"

"உன் மாவு மூட்டை வாயில தைச்சிருக்குமே ஒரு நூலு. ஒரு முனையைப் பிடிச்சா சர்ருனு முழுசும் பிரிஞ்சு வருமே. அது இருக்கா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

"அதுலயா தைக்கப் போறே?"

"அதுலதான்."

"ஊருக்கு முன்னால பிஞ்சு விழுமே, அக்கா. பலகையில இருக்கிற பேரு?"

"அவரு பேரு. அவரு செத்துட்டாரு, அவருக்கு வலிக்காது."

"உனக்கு?"

"நூலைக் கொண்டு வா" என்றாள்.

ஒரு பந்து நூல் கொண்டுபோய்க் கொடுத்தேன். எப்படியும் பத்து நிமிஷத்து வேலை என்று நினைத்தேன். அன்று மத்தியானம் முழுக்க ஆனது. ஒற்றை ஊசியில் தளர்த்தி ஓட்டவேண்டியதுதான். ஆனால் அவள் கைக்கு அது தெரியவில்லை. ஓட்டி முடித்துப் பார்த்தால் நடுவில் பத்துத் தையல் இறுகிக் கிடக்கும். பிரித்து மறுபடி ஓட்டுவாள். மறுபடி கை தன்பாட்டுக்கு இறுக்கியிருக்கும்.

"சொன்னா கேக்க மாட்டேங்குது, கேட்டி, இந்தக் கை" என்றாள். நெற்றியில் வேர்த்திருந்தது. சன்னல் கண்ணாடியில் உறைபனி பூத்திருந்தது. "முப்பது வருஷமா நல்லாத் தை நல்லாத் தைன்னு அடிச்சு வளத்தது. இப்ப கெட்டதைச் செய்டான்னா முழிக்குது."

நாலாவது தடவை சரியாக வந்தது, அதாவது மோசமாக வந்தது. மேலே கறுப்பு மெழுகைத் தடவித் தேய்த்தாள். பார்வைக்கு அசல் க்ரைடர் தையல்.

புதன்கிழமை வெதரில் வந்தான். கால்சட்டையை அவன் கையில் கொடுத்தபோது சலோமி சொன்னாள்: "இழுத்துப் பாத்துக்க தம்பி."

நான் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உங்க தையலையா?" என்று சிரித்தான் வெதரில். "சந்தையில தெரிஞ்சா என்னைத்தான் கேலி பண்ணுவாங்க." சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போனான்.

நன்றி நாள் காலையில் களியெல்லாம் உறைந்து கல்லாகக் கிடந்தது. சலோமி வரவில்லை. நான் போனேன். ஆரம்பித்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, பந்தை வில்லர்டிடம் கொடுத்தார்கள். கன்னத்தில் இன்னும் பூனைமயிர்கூட இல்லாத பையன். வெதரில் கைப்பிடியைப் பிடித்து முழு பலத்தோடு ஓர் இழுப்பு இழுத்தான். சர்ரென்று சத்தம் எனக்கே கேட்டது. வெதரில் மல்லாக்க விழுந்தான், கையில் கைப்பிடி, அதிலிருந்து திட்டுத்திட்டாக மெழுகு ஒட்டிய ஒரு முழம் வெள்ளை நூல். மறுபக்கம் பிடித்தவன் குப்புற விழுந்தான். வில்லர்ட் நடுவில் நின்றபடியே விழித்தான். மெரியன்காரன் ஒருவன் வந்து அவனைச் சாதாரணமாகக் கீழே தள்ளினான். பையன் விழுந்தான், எழுந்தான்.

எதிர்ப்பக்கத்து ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நூலை ஒரு குடியானவர் எடுத்துப் பார்த்தார்.

"மாவு மூட்டை நூலுய்யா இது! இதுக்கு மேல மெழுகு வேற!"

பதினேழுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். அதற்குள் எங்கள் ஊர்க்காரர்களின் வாய் முழுக்கச் சலோமிதான். 'கிழவி ஏமாத்திட்டா.' 'வயித்தெரிச்சல்காரி.' 'என் வண்டி வாரை நாளைக்கே பிரிச்சுப் பாக்கணும்.' இரண்டு மாதமாகத் தொப்பி தூக்கிய மனிதர்கள்தான். கடைப்பலகைமேல் யாரோ சாணியை அடித்திருந்தார்கள். அடுத்த சந்தையில் குதிரை விற்கிறவன் வாரைத் தூக்கிக் காட்டவில்லை. கம்பளியைப் போட்டு மூடி வைத்திருந்தான்.

ஆட்டம் நடந்த அன்று சாயங்காலம் ஏனோஸ் கேட்டதை நான் வாசற்படியிலிருந்து கேட்டேன்.

"அறுந்துடுச்சாமே. உன் தையலாம்மா?"

"என் தையல்தான்."

"வேணும்னே செஞ்சியா?"

"ஆமா."

"எனக்குன்னு மிச்சமிருந்தது அது ஒண்ணுதான்மா."

"தெரியும்டா."

அவன் சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டான். அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை. பன்றிக்கறி வறுவலும் ஆப்பிள் களியும் கொண்டுபோய் வைப்பாள். சாப்பிடுவான், தட்டைத் தள்ளுவான். அவள் அவனைத் துடைத்துப் புரட்டிப் போடும்போது கண்ணை மூடிக்கொள்வான். ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. கடைக்கு வேலை வரவில்லை. அவள் மரக்கவ்வியை இடுக்கிக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பாள்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. நான் அங்கேதான் இருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வில்லர்ட் லூக்கன்ஸ் உள்ளே வந்தான். கையிலிருந்த கால்சட்டையைச் சலோமியின் மடிமேல் எறிந்தான்.

"என்னை என்னன்னு கூப்பிடறாங்க தெரியுமா? மாவு மூட்டை! வகுப்புல வாத்தியார்கூட அப்படித்தான் கூப்பிடறாரு. எங்க ஊர்லேருந்து எங்கப்பா வந்திருந்தாரு அந்த ஆட்டத்துக்கு, பால்பண்ணைக்கு ஆள் வெச்சுட்டு! நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்? சொல்லுங்க! வெதரில் மேல கோபம்னா அவனைப் போய்ச் செய்யுங்க!"

அவன் அந்தச் சின்னக் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பலகைத்தரை அதிர்ந்தது. ஒரு காலை ஊன்றித் திரும்பினான், மறுகாலால் தரையை உதைத்தான். சலோமி அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதில் சொல்ல மாட்டீங்களா? உக்காந்து பேசக்கூடவா சொல்ல மாட்டீங்க?"

"உக்காரச் சொல்லமாட்டேன்" என்றாள். "நின்னுக்கிட்டே திட்டு. நல்லாத் திட்டு. நடந்து நடந்து திட்டு."

அவனுக்கு அது புரியவில்லை. அவனுக்குப் பதினெட்டு வயசு. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு வெளியே போனான். கதவை இழுத்துச் சாத்தினான். அதுவும் போதாமல் திரும்பி வந்து, சன்னல் வழியே எங்களுக்குத் தெரிய, வெளியிலிருந்து ஓர் உதை விட்டான். மேலே மாட்டியிருந்த மணி கழன்று விழுந்து உருண்டது.

அவன் காலடிச் சத்தம் தெருக்கல்லில் வேகவேகமாக இறங்கிப் போவதை நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"அம்மா."

சலோமியின் மடியிலிருந்து மரக்கவ்வி நழுவியது. அவள் எழுந்திருக்கவில்லை. "என்னடா" என்றாள்.

"கதவையா உதைச்சான்?"

"ஆமாடா."

"எந்தக் காலால?"

"வலது காலால."

அடுப்பில் கரி சரிந்தது.

"நல்லா உதைச்சானா?"

சலோமி எழுந்து போய்க் கதவின் அடிப்பலகையைத் தடவிப் பார்த்தாள். அது நெடுக விரிசல் விட்டு உள்ளே தள்ளியிருந்தது. அதை அவள் கடைசிவரை யாரையும் சரிசெய்ய விடவில்லை.

"நல்லா உதைச்சிருக்கான்டா" என்றாள். "பலகை பிளந்துடுச்சு."